விலைக்குப் பக்கத்தில் நடந்த பேரம்

புதிய வாகனம் வாங்குபவர் விற்பனை முகவரின் மேசைக்கு எதிரே அமர்ந்து விலையைக் குறைத்துக் கேட்பது இந்தியாவில் தொன்றுதொட்டு வரும் வழக்கம்போலத் தோன்றினாலும், அது 1990களின் பிற்பகுதியில்தான் பரவலான நடைமுறையாக உருப்பெற்றது. அதற்கு முந்தைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் வாகன விலை பற்றிய வாதம் உற்பத்தியாளருக்கும் மைய அரசுக்கும் இடையில் நடந்தது. ஒருமுறை உச்ச நீதிமன்றத்திலும் நடந்தது. பணம் கொடுப்பவருக்கு அதில் வாய் திறக்க இடமே இருக்கவில்லை. இடம் கிடைத்த பிறகும் அவர் பேசியது பெரும்பாலும் விலையைப் பற்றி அன்று. அறிவிக்கப்பட்ட விலை அசையாமல் நிற்க, அதன் பக்கத்தில், பிரீமியம் என்ற மேல்பணத்திலும், காப்பீட்டிலும், பழைய வண்டியின் மதிப்பிலும், தரைவிரிப்பிலும் இருக்கை உறையிலும் பேரம் நடந்துவந்தது என்பதே இந்த வரலாற்றின் தனித்தன்மை.

பேரம் பொதுவாகப் பொருள்கள் ஒன்றுபோல் இல்லாத இடத்தில் பிறப்பது. மாட்டுச் சந்தையில் ஒரு காளையின் பல்லும் சுழியும் நடையும் அடுத்த காளைக்கு இருப்பதில்லை என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனியே விலை பேச வேண்டியிருந்தது. தரகர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே தொகையை உணர்த்த, சுற்றி நிற்பவர் அறியாமல் விலை முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் வாகனமோ, ஒரே வகையும் ஒரே நிறமும் ஆனால், அடுத்ததிலிருந்து எதிலும் வேறுபடுவதில்லை. ஆகவே கோட்பாட்டின்படி அதன்மீது பேரம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தும் வாகன விற்பனையில் பேரம் ஒட்டிக்கொண்டதற்கு, தொகை பெரிது என்பதோடு, வாங்குபவர் பல வேளைகளில் பழைய வண்டி ஒன்றையும் கையோடு கொண்டுவருகிறார் என்பதும் காரணம். அந்தப் பழைய வண்டி காளையைப் போலவே தனித்தன்மை உடையது. அமெரிக்காவில் இந்தக் குழப்பம் முற்றியதால், ஓக்லஹோமாவைச் சேர்ந்த செனட்டர் மைக் மன்ரோனியின் முயற்சியில் 1958ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டு, உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலை, கூடுதல் உறுப்புகளின் விலை, கொண்டுவரும் கட்டணம் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒட்டப்பட வேண்டும் என்றானது. அது பேரத்தை ஒழிக்கவில்லை. எந்தப் புள்ளியிலிருந்து பேசத் தொடங்குவது என்பதை மட்டும் காட்டிக் கொடுத்தது. இந்தியாவில் பிஸ்கட் பொட்டலத்துக்கு அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும் என்ற விதி வந்தபோதும், பல லட்சம் ரூபாய் பெறும் காருக்கு அப்படியொரு சீட்டு வரவில்லை.

சென்னை நகரில் மோட்டார் வாணிகம் பழைய வண்டித் தொழிலின் வயிற்றிலிருந்து வந்தது. 1840இல் தொடங்கப்பட்டுக் குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். அந்நிறுவனமும் அடிசன் நிறுவனமும் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், வாகன விற்பனையின் பெரிய பெயர்களாயின. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்துத் தொழிலிலிருந்து தொடங்கி, ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் விநியோகத்துக்கு வந்து சேர்ந்தார். ஃபோர்டு 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயின் சேவ்ரியிலும் இந்திய நிறுவனங்களை அமைத்து, பெட்டிகளில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டி விற்றன. பல நாட்டு வண்டிகள் ஒரே தெருவில் போட்டியிட்ட அந்த நாட்களில் வாங்குபவர்கள் ஜமீன்தார்கள், வழக்கறிஞர்கள், உயர் அதிகாரிகள், பேருந்து முதலாளிகள் என்று எண்ணிக்கையில் குறைந்தவர்களாக இருந்தாலும், ஒரு முகவரிடம் விலை ஒத்துவராவிட்டால் அடுத்த முகவரிடம் செல்ல அவர்களால் முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வண்டிகளின் வரத்து நின்று, பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, கரியிலிருந்து வாயு எடுத்துப் பேருந்து ஓட்டும் நிலை ஏற்பட்டபோது அந்த வசதி மறைந்தது. போர் முடிந்த பிறகும் அது திரும்பி வரவில்லை.

திரும்பி வராததற்குக் காரணம் கொள்கை. 1942இல் பிர்லா குழுமத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944இல் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும், 1948இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸும் தோன்றியிருந்தன. 1953இல் சுங்கக் காப்பு ஆணையம், அதாவது உள்நாட்டுத் தொழிலுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று ஆராயும் அமைப்பு, உறுப்புகளை வரவழைத்துப் பூட்டுவதோடு நின்றுவிடும் நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லை, உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் உடையவை மட்டுமே தொடரலாம் என்று பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. பயணிகள் காருக்கு எஞ்சியவை மூன்று: உத்தரபாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உரிம முறையும் சேர்ந்து இவை எத்தனை கார் செய்யலாம் என்பதையும் வரையறுத்தன. இது சொந்தத் தொழிலை வளர்ப்பதற்கென்று தெரிந்தே செய்த தேர்வு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விலையில் ஒரு பங்கை ஷோரூமில் காத்திருந்தவரே கட்டினார்.

தேவை மிகுந்து வரத்துக் குறைந்த இடத்தில் விலை ஏறும் என்பது சந்தையின் இயல்பு என்றால், அதை ஏறவிடாமல் தடுப்பது அரசின் கடமை என்று அக்காலம் கருதியது. தொடக்கத்தில் உற்பத்தியாளர்கள் அரசின் இசைவோடு விலையை வைத்தனர்; 1959இல் கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் ஆணை பிறந்தது. அதன்படி முகவர் தம் விருப்பம்போல் எவருக்கும் வண்டி தர இயலாது. பதிவு செய்த வரிசைப்படியே தர வேண்டும். ஒரு பகுதி வண்டிகள் அரசு ஒதுக்கீட்டுக்கு, அதாவது கோட்டா என்று வழங்கப்பட்ட தனிப் பங்குக்கு, எடுத்துவைக்கப்பட்டன. இந்த முறையில் முகவர் வணிகர் என்பதைவிடப் பதிவேட்டு எழுத்தராகவே இருந்தார். அவரிடம் விலை கேட்பது ரேஷன் கடைக்காரரிடம் சர்க்கரையின் விலையைக் குறைக்கச் சொல்வதற்கு ஒப்பானது.

ஆயினும் பேரம் சாகவில்லை. கடையை விட்டுத் தெருவுக்கு வந்தது. பதிவேட்டில் முன்னால் நிற்பவரின் இடத்துக்கே ஒரு விலை உண்டானது. வண்டியைக் கட்டுப்பாட்டு விலையில் பெற்றவர் அதை அப்படியே மற்றொருவருக்குக் கைமாற்றினால் கிடைக்கும் மிகைத் தொகை பிரீமியம் எனப்பட்டது; வாங்குபவரின் பேச்சில் அது ‘பிளாக்கில் எடுப்பது’. புதிய வண்டியைவிட ஓராண்டு ஓடிய வண்டி விலை கூடுதலாக விற்ற விந்தை இதனால்தான் நேர்ந்தது. பிரீமியத்துக்கு அரசு விலை வைக்கவில்லை; ஆகவே தரகரும் வாங்குபவரும் மனம்போலப் பேசிக்கொள்ள முடிந்தது. கட்டுப்பாட்டு விலையால் மிஞ்சிய பணம் ஏழைக்கும் போகவில்லை, தொழிலாளிக்கும் போகவில்லை, உற்பத்தியைப் பெருக்கவும் போகவில்லை. வரிசையில் முன்னே நின்ற அதிர்ஷ்டசாலிக்கும் இடையில் நின்ற தரகருக்கும் போயிற்று.

இக்காலத்தின் உச்சக் காட்சி ஷோரூமில் அன்று, நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18ஜி பிரிவு, ஒரு பொருள் சமமாகப் பங்கிடப்படவும் நியாயமான விலையில் கிடைக்கவும் வேண்டும் என்பதற்காக அதன் விலையை வரையறுக்கும் அதிகாரத்தை மைய அரசுக்கு அளிக்கிறது. அதைக் கொண்டு 1969 செப்டம்பரில் அரசு மூன்று கார்களின் விலையையும் சட்டப்படி நிர்ணயித்தபோது, அது உற்பத்திச் செலவுக்கே போதவில்லை என்று மூன்று நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. செலவை ஆராய ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையை வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கு என்று இன்றும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பை, 1971 நவம்பரில் வழங்கியது. மூலப்பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு, தேய்மானத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, முகவரின் கழிவு எவ்வளவு என்று ஒரு காரின் விலை நீதிபதிகளின் முன் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் போடப்பட்டது. ஈடுபடுத்திய முதலுக்கு 16 விழுக்காடு வருவாய் கிடைக்கும்படி விலை அமைவது நியாயம் என்று கொள்ளப்பட்டது.

இத்தீர்ப்பில் கவனிக்கத்தக்கது, நியாய விலை என்ற சொல்லுக்கு ஏற்பட்ட பொருள். சந்தையில் நியாய விலை என்பது விற்பவரும் வாங்குபவரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. கோவில் திருவிழாக் கடையிலிருந்து நிலப் பதிவு வரை மக்கள் அதை அப்படியே புரிந்துகொண்டிருந்தனர். நீதிமன்றத்திலோ அது செலவும் வருவாயும் கூட்டிய கணக்கின் விடையாயிற்று. நுகர்வோரின் நலன் அரசின் வாயிலாகப் பேசப்பட்டது உண்மையே. ஆனால் வண்டிக்காகக் காத்திருந்தவர் அந்தக் கணக்கில் ஓர் எண்ணாகக்கூட வரவில்லை, ஏனெனில் அவர் உண்மையில் கொடுத்துக்கொண்டிருந்த பிரீமியம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. சட்டப்படியான கட்டுப்பாடு சில ஆண்டுகளில் தளர்த்தப்பட்ட பிறகும், மூன்று நிறுவனங்களும் ஒரு காத்திருப்புப் பட்டியலும் அப்படியே இருந்ததால், விலை நிர்ணயிக்கும் கை மாறியதே ஒழிய வாங்குபவரின் நிலை மாறவில்லை.

நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த வரலாறு காரைவிட ஸ்கூட்டரின் வழியாகவே தெரியும். இத்தாலியின் பியாஜியோவுடன் செய்த ஒப்பந்தத்தில் வெஸ்பா செய்துவந்த பஜாஜ் ஆட்டோ, அவ்வொப்பந்தம் 1971இல் முடிந்த பிறகு சேத்தக் என்ற பெயரில் தன் வண்டியைத் தொடர்ந்தது. உற்பத்தியைப் பெருக்க உரிமம் கேட்டும் ஏகபோகத் தடுப்புக் கொள்கையின் காரணமாக அது எளிதில் கிடைக்காத நிலையில், பதிவு செய்தவர் பத்தாண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. மகள் பிறந்தவுடன் பதிவு செய்து வைத்தால் கல்யாணத்துக்கு வண்டி வந்துவிடும் என்ற வேடிக்கைப் பேச்சு முழுக்க வேடிக்கையும் அன்று. வரதட்சணைப் பட்டியலில் ஸ்கூட்டர் இடம்பெற்றதில் அதன் விலையோடு அதன் கிடைக்காமைக்கும் பங்கு உண்டு. அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையின்றி வண்டி பெறலாம் என்ற வசதி இருந்ததால், வளைகுடாவிலோ மலேசியாவிலோ உறவினர் இருப்பது ஒரு தனித் தகுதியாயிற்று. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 என்ற இருவர் செல்லும் மொபெட், சிறு வணிகருக்கும் பால்காரருக்கும் இந்த வரிசைக்கு வெளியே ஒரு வழியைத் திறந்தது.

லாரித் தொழிலில் பேரத்தின் வடிவம் வேறு. தமிழ்நாட்டின் பங்கும் அங்கேதான் மிகுதி. லாரியோ பேருந்தோ வாங்குபவர் உற்பத்தியாளரிடமிருந்து பெற்றது சேசிஸ் மட்டுமே. அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய, மேற்கூடு இல்லாத அடிச்சட்டம். எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்த சேசிஸின் விலையில் அவரால் ஒரு ரூபாய் குறைக்க இயலாது. ஆனால் அதை நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ ஓட்டிச் சென்று லாரிப் பாடி கட்டும்போதும், கரூரில் பேருந்துப் பாடி கட்டும்போதும், தேக்கா வேறு மரமா, தகடு எத்தனை கனம், கேபினுக்கு உள்ளே என்ன வேலைப்பாடு என்று ஒவ்வொன்றிலும் பேசிக் குறைக்க இடமிருந்தது. ஒன்றுபோல் வந்த சேசிஸ்கள் அங்கேதான் வெவ்வேறு வண்டிகளாயின. பேரமும் அங்கேதான் நடந்தது. கடனிலும் அப்படியே. 1954இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் ஹயர் பர்ச்சேஸ் என்ற முறையில், கடைசித் தவணை கட்டும்வரை வண்டி நிதி நிறுவனத்தின் உடைமை, ஓட்டும் உரிமை வாங்கியவருடையது என்ற ஏற்பாட்டில், லாரிகளுக்குக் கடன் அளித்தன. விலை பேச முடியாத லாரி முதலாளி வட்டியையும் தவணைக் காலத்தையும் பேசினார்.

வேறு ஊர் முகவரிடம் போய்க் கேட்கும் வழியும் அடைபட்டிருந்தது. ஒவ்வொரு முகவருக்கும் ஓர் எல்லை வகுத்து, அதற்கு வெளியே விற்கக் கூடாது என்று டெல்கோ, அதாவது பிற்காலத்து டாட்டா மோட்டார்ஸ், செய்திருந்த ஒப்பந்தம் போட்டியைத் தடுக்கிறது என்று வழக்கானபோது, 1977இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வரத்துக் குறைந்த காலத்தில் எல்லை வகுக்காவிட்டால் வண்டிகள் பெருநகரங்களிலேயே குவிந்துவிடும், நாடெங்கும் சீராகக் கிடைக்காது என்ற வாதம் ஏற்கப்பட்டது. பற்றாக்குறை நிலவும்வரை அந்த வாதத்தில் பொருள் இருந்தது.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வெளிவந்தது பற்றாக்குறையின் முடிவுரை என்று எழுதப்படுவதுண்டு. உண்மையில் அது வரிசையை ஒழிக்கவில்லை, நீட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் 10,000 ரூபாய் முன்பணத்தோடு பதிவு திறக்கப்பட்டபோது இரண்டு மாதத்தில் 1,35,000 பேர் பணம் கட்டினர். முதல் வண்டிகளுக்கு உரியவர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 47,500 ரூபாய் என்று விலை வைத்த அந்தக் காருக்கும் பிரீமியம் உடனே முளைத்தது. இருசக்கர வாகனத்தில் ஜப்பானியக் கூட்டு நிறுவனங்கள் 1980களின் நடுவிலேயே போட்டியைக் கொண்டுவந்துவிட, காரில் அது 1993இல் உரிம முறை நீக்கப்பட்ட பிறகே தொடங்கியது. தேவூ, ஃபோர்டு என்று ஒவ்வொன்றாக வந்து, 1998இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோவும், அவ்வாண்டின் இறுதியில் டாட்டா இண்டிகாவும் வந்தபோது, மாருதி தன் விலையைத் தானாகவே குறைத்தது. எவரும் கேட்காமலே விலை இறங்கியது வாங்குபவருக்குப் புதிய அனுபவம். இனிக் கேட்டால் மேலும் இறங்கும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

ஆனால் எதைக் கேட்பது என்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. ஷோரூமில் எழுதித் தரப்படும் தாளில் இரண்டு தொகைகள் உண்டு. எக்ஸ்-ஷோரூம் விலை என்பது நிறுவனம் வைத்த விலையும் முகவரின் கழிவும் விற்பனையின் மீதான வரியும் சேர்ந்தது. ஆன்-ரோடு விலை என்பது அதற்கு மேல் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, கூடுதல் உறுப்புகள் எல்லாம் சேர்ந்து வண்டி தெருவில் இறங்கும்போது ஆகும் மொத்தம். முதலாவதை நிறுவனம் வைக்கிறது. சாலை வரியை மாநில அரசு வைக்கிறது. ஆகவே முகவரின் கைக்கு எட்டியவை அவருடைய கழிவும், காப்பீடும், கடனும், உறுப்புகளும்தாம். கழிவு சுருங்கச் சுருங்க முகவரின் வாழ்வு மற்றவற்றையே நம்பியதாயிற்று. பதிவுக் கட்டணத்துக்கு மேல் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு தொகை நுழைந்தது. அது சட்டத்தில் இடமில்லாதது என்று சில மாநிலப் போக்குவரத்துத் துறைகள் அறிவித்த பிறகும் வேறு பெயரில் திரும்பி வந்தது. விவரம் அறிந்தவர் மொத்தத் தொகையைத் தள்ளிவைத்து வரி வரியாகக் கேட்டார். அறியாதவர் இலவசமாகக் கிடைத்த இருக்கை உறையோடு மகிழ்ந்தார்.

காப்பீட்டின் வளர்ச்சிக்குள் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உள்ளது. சாலை விபத்துகள் குறித்துக் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதிய காருக்கு மூன்றாண்டுக்கும் இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு, வாங்கும்போதே எடுக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டு, அது அவ்வாண்டு செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகக் கூடாது என்பது நோக்கம். ஆயினும் ஆன்-ரோடு தாளில் காப்பீட்டுத் தொகை ஒரே இரவில் பெருத்ததால், பேரத்தின் கனமும் அந்தத் தொகையின்மீதே விழுந்தது. எந்த நிறுவனத்தின் காப்பீட்டை எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை என்பதைச் சொல்லிக் கேட்டவருக்கு அங்கே குறைந்தது, ஷோரூமின் மற்றத் தள்ளுபடிகளைவிட நிச்சயமானதாக இருந்தது.

தள்ளுபடிக்கு ஒரு நாட்காட்டியும் ஏற்பட்டது. முகவர் வண்டிகளைக் கடனில் எடுத்து நிறுத்தியிருப்பதால் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. நிறுவனம் வைத்த மாத இலக்கு எட்டினால் ஊக்கத்தொகை உண்டு. ஆகவே மாதக் கடைசியில் மேசைக்கு அப்பால் இருப்பவரின் குரல் மென்மையாகிறது. பதிவுச் சான்றில் உற்பத்தி ஆண்டு எழுதப்படுவதால் டிசம்பரில் செய்த வண்டி ஜனவரியில் போன ஆண்டு வண்டி ஆகிவிடுகிறது. எனவே பெரிய தள்ளுபடி டிசம்பர் பிற்பகுதியில் வரும். தமிழ்நாட்டில் அப்போது மார்கழி. வண்டி வாசலுக்கு வரக் கூடாத மாதம். நிறுவனத்தின் உற்பத்தி ஆண்டும் வாங்குபவரின் பஞ்சாங்கமும் நேர் எதிரெதிராக நின்ற இந்த இடத்தில், பில்லை டிசம்பரில் போட்டு, தள்ளுபடியைப் பெற்றுக்கொண்டு, வண்டியைத் தை பிறந்ததும் எடுக்கும் ஏற்பாடு உருவாயிற்று. ஆடியில் துணிக்கடைக்கு வந்த தள்ளுபடி வாகனக் கடைக்கும் வந்ததற்குக் காரணம் ஒன்றே: வாங்கக் கூடாத மாதத்தில் வாங்கவைக்க வேண்டும்.

பழைய வண்டியின் மதிப்பு இக்காலத்தில்தான் ஷோரூமுக்குள் வந்தது. அதுவரை தரகரின் கையிலும் மெக்கானிக்கின் சொல்லிலும் இருந்த பழைய கார் வாணிகத்தை 2001இல் மாருதி ‘ட்ரூ வேல்யூ’ என்ற பெயரில் தன் முகவர்களின் வழியாக நடத்தத் தொடங்கியது. பழைய வண்டிக்கு இருபதாயிரம் கூட்டிக் கொடுப்பதும் புதிய வண்டிக்கு இருபதாயிரம் குறைப்பதும் வாங்குபவரின் பைக்கு ஒன்றேயானாலும், நிறுவனத்தின் ஏட்டில் ஒன்றல்ல. முன்னதில் அறிவித்த விலை அறிவித்தபடியே நிற்கிறது. எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்ற சொல் இந்த நுட்பத்துக்கு இடப்பட்ட பெயர். துண்டுக்குள் விரல் பிடித்த காலத்தின் மறைவு இங்கே கணினித் தாளில் தொடர்ந்தது என்றால் மிகையன்று.

அறிவித்த விலை அசையக் கூடாது என்பதில் நிறுவனங்கள் எவ்வளவு கவனமாக இருந்தன என்பதை இந்தியப் போட்டி ஆணையத்தின் இரண்டு ஆணைகள் வெளிப்படுத்தின. முகவர் எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்பதை நிறுவனமே கட்டுப்படுத்துவது மறுவிற்பனை விலையைப் பிணிப்பதாகும். போட்டியைக் கெடுத்தால் அது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி விதிமீறல். இவ்வகையில் 2017இல் ஹூண்டாய்க்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அடுத்த ஆண்டு அதை நீக்கியது. 2021 ஆகஸ்டில் மாருதிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குச் சென்றது. முகவர் ஒருவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட, பெயரில்லாத மின்னஞ்சலில் தொடங்கிய இந்த இரண்டாவது வழக்கின் ஆணை, ஷோரூம் பேரத்தின் வரலாற்றில் அரிய ஆவணம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரும் முகவரைக் கண்டுபிடிக்க, வாங்குபவர்போல் நடிக்கும் ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன என்றும், அவர்கள் கூடுதல் தள்ளுபடி கேட்டுப் பார்த்து ஒலியும் ஒளியுமாகச் சான்று சேர்த்தனர் என்றும், இணங்கிய முகவருக்கு மட்டுமின்றி விற்பனைப் பிரதிநிதிக்கும் மேலாளருக்கும் தண்டத்தொகை விதிக்கப்பட்டது என்றும் ஆணையம் கண்டது. 1960களில் பேரம் பேச முடியாததற்கு வண்டி இல்லாதது காரணம். இப்போது வண்டிகள் வரிசையாக நிற்க, எதிரே அமர்ந்து பேரம் பேசுபவர் உண்மையில் வாங்க வந்தவரா என்று விற்பவர் ஐயுற வேண்டியிருந்தது.

அந்த ஆணை வந்த மாதங்களில் சில்லுத் தட்டுப்பாட்டால், அதாவது வாகனங்களில் பொருத்தும் மின்னணு உறுப்புகள் கிடைக்காமையால், உலகெங்கும் உற்பத்தி குன்றியது. இந்தியாவிலும் சில வகைக் கார்களுக்கு ஓராண்டுக்கு மேலான காத்திருப்பு திரும்பியது, தள்ளுபடி என்ற சொல் சிறிது காலம் மறைந்தது. உற்பத்தி சீராகியபோது சொல்லும் திரும்பியது. 2025 ஆகஸ்ட் 15 அன்று சரக்கு மற்றும் சேவை வரி குறையும் என்ற அறிவிப்பு வெளியானதும், வாங்க எண்ணியிருந்தோர் பலர் முன்பதிவை நிறுத்திக் காத்திருந்தனர்; செப்டம்பர் 22, நவராத்திரியின் முதல் நாள், சிறிய கார்களின் மீதான வரி 28 விழுக்காடும் அதற்கு மேலான தீர்வையும் என்பதிலிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. இடைப்பட்ட ஐந்து வாரங்களில் முகவர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்து வட்டி கட்டினர். பழைய தீர்வையோடு எடுத்த சரக்கின் இழப்பை யார் தாங்குவது என்ற பேச்சு அரசுக்கும் முகவர் சங்கத்துக்கும் நிறுவனங்களுக்கும் இடையில் நடந்தது. வாங்குபவர் வழக்கம்போல அந்த மேசையில் இல்லை. இம்முறை அவர் வீட்டிலிருந்தபடியே காத்திருந்தார், விலை அவர் கேட்காமலே இறங்கிற்று.